அரை அசை பின்னால்

காதில் ஹெட்போன். எதிரே, நார்வேயிலிருந்து பரீட்சை வைக்க வந்த ஸிக்ரி அம்மாள். மேஜைமேல் ஒரு தம்ளர் தண்ணீர், அதன் பக்கத்தில் அவர் கழற்றி வைத்த கைக்கடிகாரம். என் வாய் திறந்துதான் இருந்தது. குரலைத்தான் காணோம்.

"பார்னெஹாகெ" என்றார் அவர்.

நார்வே நாட்டுச் சொல். குழந்தை என்ற சொல்லையும் தோட்டம் என்ற சொல்லையும் ஒன்றாக ஒட்டியது. பாலர் பள்ளி என்று அர்த்தம். நான் அதைத் திருப்பிச் சொல்லி, துண்டு துண்டாக உடைத்துக் காட்டி, எந்தத் துண்டில் அழுத்தம் விழுகிறதோ அங்கே விரலால் மேஜையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பரீட்சை அவ்வளவுதான்.

என் இடது காது தானாகவே இடது பக்கம் திரும்பியது. காது திரும்புமா என்று கேட்காதீர்கள். மாட்டுக்கு மட்டுமல்ல, எனக்கும் திரும்பும். அந்தப் பக்கத்தில் வழக்கமாக, ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் எஸ்தர் உட்கார்ந்திருப்பாள். அன்று வெறும் சுவர். சுவரில் கீழ்த்தளத்துப் பட்டுக்கடையின் காலண்டர். காலண்டரில் மகாலட்சுமி. அவளும் வாயைத் திறக்கவில்லை.

வியர்வை நெற்றியிலிருந்து இறங்கி, காலையில் கோடாக இட்டுக்கொண்ட சிவப்பு ஸ்ரீசூர்ணத்தையும் கூட்டிக்கொண்டு மூக்கு நுனிக்கு வந்தது. ஒரு சிவப்புச் சொட்டு மேஜைமேல் விழுந்தது. ஸிக்ரி அம்மாள் பதறி எழுந்துவிட்டார். ரத்தம் என்று நினைத்திருக்க வேண்டும்.

காதுக்கு வந்த உத்தியோகம்

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்த, நான் ஊதுவத்தி ஏஜென்சி எடுத்து, மழையில் நனைத்து, மூழ்கிய கதையைப் படித்த ஒரு வாசகி, 'அதற்குப் பிறகாவது உருப்பட்டீர்களா?' என்று எழுதிக் கேட்டிருந்தார். அம்மா, அவசரப்படாதீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மொபைல் போன் சட்டைப்பையைக் கிழிக்கும் எடையில் இருந்த காலம் அது. ஊதுவத்தி போன கையோடு எனக்குக் கல்யாணம் ஆகி, வைதேகி உண்டாகியும் இருந்தாள். என் மாமனாருக்குத் திண்டிவனத்தில் காபிப்பொடிக் கடை. அந்தக் கடையில் ஒரு ஸ்டூல். நாலு கால், நடுவில் ஒரு ஓட்டை. நான் போகும்போதெல்லாம் மாமனார் அந்த ஸ்டூலைத் துண்டால் தட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை, இது உங்களுக்காகத்தான் காலியா இருக்கு" என்பார். பிரியமாகத்தான் சொல்வார். என் கண்ணில் அந்த ஓட்டைதான் படும்.

வைதேகி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "ஏன்னா, கொழந்தை பொறக்கறச்சே அப்பாவுக்கு ஒரு உத்யோகம் இருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன். ஆவணி வரைக்கும் இல்லேன்னா திண்டிவனம். நானும் கொழந்தையும் அங்க, நீங்க ஸ்டூல்ல."

அந்தச் சமயத்தில்தான் ராமநாதன் எங்கள் ஊருக்கு வந்தார். சென்னைக்காரர். அவருடைய கம்பெனி நார்வேயிலிருந்து ஒரு வேலையை எடுத்திருந்தது. அங்கே கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இயந்திரத்துக்கு எழுத்துத் தெரியும், பேச்சுத் தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் எங்கே உடைப்பது, எங்கே அழுத்துவது என்று யாராவது உட்கார்ந்து அடையாளம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அதற்குக் காஞ்சிபுரம் எதற்கு? இங்கேதான் ராமநாதனுடைய மூளை வேலை செய்தது. "ஊரு முழுக்க வேதம், பாசுரம், கோயில் மணி. தலைமுறை தலைமுறையா ஸ்வரம் பிசகாம கேட்ட காது சார் உங்களுது! நார்வேயெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி" என்றார்.

என் காதை அதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒருவர் அதைப் பிடித்ததோடு சரி. அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

முதல் தீர்த்தம் யாருக்கு?

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடிதான் ஆபீஸ். கீழேயிருந்து புதுப்பட்டின் கஞ்சி வாசனை படியேறி வரும். ஜோடி ஜோடியாக உட்காருவோம். இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே சொல் விழும். பெயர் தெரியாத ஒரு நார்வே அறிவிப்பாளரின் குரல், ஜலதோஷம் பிடித்த புல்லாங்குழல் மாதிரி இருக்கும். அதை மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் அடையாளம் போட வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்று நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. இரண்டு பேர் போட்டதும் ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் தப்பு என்பது ராமநாதன் கணக்கு.

அந்தப் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. நார்வேக்காரர்கள் சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டே போவார்கள். நாமும் ஒட்டுகிறவர்கள்தான். ஆனால் நமக்கு ஒட்டு தெரியக் கூடாது. பாலும் அடையும் சேர்ந்து பாலடை ஆனதும், 'பா-ல-டை' என்றுதான் வாய் போகும். ல் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

நார்வேக்காரர்கள் அப்படி இல்லை. 'ஹூஸ்' என்றால் வீடு, 'ஆர்பைட்' என்றால் வேலை. சேர்த்தால் 'ஹூஸார்பைட்', வீட்டு வேலை. அதை 'ஹூஸ்-ஆர்-பைட்' என்றுதான் உடைக்க வேண்டும். 'ஹூ-ஸார்-பைட்' என்று உடைத்தால் தப்பு. ஒட்டின இடத்தை அவர்கள் மறப்பதே இல்லை.

அழுத்தம் எங்கே என்று கேட்டால், எங்கள் ஊர்க்காரனுக்கு அதை விளக்கவே வேண்டாம். கோயிலில் தீர்த்தம் கொடுக்கும் வரிசைதான். முதல் மரியாதை முன்னால் நிற்கிற சொல்லுக்கு. பின்னால் நிற்பவருக்கும் உண்டு, ஒரு படி இறங்கி. 'யார்ன்பானெஸ்தஷூன்' என்று ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு சொல். இரும்பு, பாதை, நிலையம் என்று மூன்று பேர் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த மாதிரி. முதல் மரியாதை 'யார்ன்' என்ற இரும்புக்கு. இரண்டாவது, கடைசியில் இருக்கும் 'ஷூன்'னுக்கு. நடுவில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எனக்கு ஜோடியாக வந்தவள் எஸ்தர். பி.ஏ. முடித்தவள். ரயில்வே ரோட்டு சர்ச்சுப் பக்கத்து வீடு. இதற்கு முன்னால் ஒரு பட்டுக்கடையில் புடவை வாங்கிச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். கோர்வைப் புடவையில் உடலைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் நெய்து கோத்திருப்பார்கள் அல்லவா, அந்த இணைப்பில் விரலை ஓட்டியே பிசிறைக் கண்டுபிடித்துவிடுவாளாம். அடக்கம் என்பது அவள் பக்கமே வந்ததில்லை.

முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாண்ணே, கோயில்ல சுண்டல் வாங்க வந்தவராட்டம் உக்காந்துக்கினு கீறீங்க? இங்க வேலை செய்யணும், தெரியுமில்ல?"

நரசிம்மன் மாமாவின் வலது பக்கம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பெருமாள் கோயில் பாசுர கோஷ்டியில் சின்ன வயதிலிருந்தே நான் நிற்கிறேன். இரண்டு வரிசை எதிரெதிராக நிற்கும். ஒரு வரிசை தொடங்கும், எதிர் வரிசை முடிக்கும். எங்கள் வரிசையில் என் இடது பக்கம் நரசிம்மன் மாமா. தாம்பாளத்தைத் தரையில் போட்டது போன்ற குரல்.

மாமா வாயைத் திறந்தால், அரை அசை கழித்து நான் திறப்பேன். அவர் 'அ' என்பதற்குள் என்ன வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் இப்படி ஓடியது. கோஷ்டியில் யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை என்பதால், தனியாகச் சொல்ல வருமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

மாடி ஆபீசில் எங்கள் ஜோடிதான் முதலில் நின்றது. எஸ்தர் முணுமுணுப்பாள், நானும் முணுமுணுப்பேன். இரண்டு பேர் போட்டதும் அச்சில் வார்த்தது போல ஒத்துப்போகும். ராமநாதன் எங்களைப் பற்றி நார்வேக்கே எழுதிவிட்டார். நான் வைதேகியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மாமனாருக்கு எழுதிய கடுதாசியில் ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் எஸ்தர் யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவு போட்டாள். நான் தனியாக உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். முதல் சொல் வந்தது. இடது பக்கம் நிசப்தம். என் வாயும் நிசப்தம். அடுத்த சொல் வந்தது. அதுவும் போயிற்று. பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி உட்கார்ந்து, சொற்கள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தப் பிறவியில் நான் எதையும் தொடங்கியதே இல்லை.

"ரெண்டு பேரும் வீட்டுக்கு"

மறுநாள் எஸ்தரிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அப்ப இத்தினி நாளா என்னைக் கேட்டுதான் போட்டுக்கினு இருந்தீங்களா?"

"எனக்கே தெரியாதும்மா. வாய் தானா போயிண்டிருந்தது."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. காப்பி அடிச்சம்னு ஆயிடும். நானே இந்த வேலைய நம்பிதான் பி.எட்டுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கினு கீறேன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ராமநாதன் வேகமாகப் படியேறி வந்தார். கையில் ஒரு பேக்ஸ் காகிதம். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி பீதி.

"நார்வேலேர்ந்து மேடம் வர்றாங்க. உங்க ஜோடிய பார்க்கத்தான் மெயினா வர்றாங்க. வேற எந்த ஜோடியும் இந்த அளவுக்கு ஒத்துப்போகல. அது எப்படின்னு அவங்களுக்கு சந்தேகம். தனித்தனியா உக்கார வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "சம்பத், நேராவே கேக்கறேன். பார்த்து ஏதும் போடலியே? அப்படி இருந்தா ரெண்டு பேரும் வீட்டுக்கு. யூனிட்டே மூடினாலும் மூடுவாங்க."

"சேச்சே" என்றாள் எஸ்தர்.

"சேச்சே" என்றேன் நான். அரை அசை கழித்து.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்துக்கு எங்கள் வீட்டில் சாத்துமது என்று பெயர். 'சாத்', 'து', 'ம', 'து' என்று தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"தட்டுல என்ன தாளம்?" என்றாள் வைதேகி. "ஆறிப்போறது. குடிக்கப்போறேளா, பாடப்போறேளா?"

"இது ஆபீஸ் வேலை."

"ஆபீஸ்ல சாத்துமதா பண்றா?"

அவளிடம் நான் சொல்லவில்லை. வயிறு முன்னால் வந்து, நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்ளும் நாட்கள் அவை. அவள் சுவரில் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஜன்னலைப் பார்ப்பேன். தெருவில் போகிற சைக்கிள் மணி கூட எனக்கு இரண்டு துண்டாகத்தான் கேட்டது. அழுத்தம் முதல் துண்டில்.

சுவருக்கு முன்னால் ஒருவன்

ஸிக்ரி அம்மாள் வந்தார். நல்ல உயரம். மாடிப்படி நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையிடமே மன்னிப்புக் கேட்டார். பெயரின் கடைசியில் எழுத்தில் ஒரு 'ட்' உண்டு, வாயில் கிடையாது என்று சொல்லிக்கொடுத்தார். ராமநாதன் மட்டும் மரியாதை குறைந்துவிடும் என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் அந்த 'ட்'டைப் பலமாகப் போட்டார்.

முதலில் எஸ்தர் உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த நிறத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "என்னம்மா?" என்றேன். நேராகத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். திண்டிவனத்து ஸ்டூல் கண்முன்னே வந்து நின்றது. ஓட்டை உட்பட.

அதற்கப்புறம்தான் நீங்கள் முதலில் பார்த்த காட்சி. வாய் திறந்த நான், வாய் திறக்காத மகாலட்சுமி, மேஜைமேல் சிவப்புச் சொட்டு.

ரத்தமில்லை என்று சைகையால் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியை அழுந்தத் துடைத்தேன். அவர் மறுபடி உட்கார்ந்து, அதே சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தார். உடனே என் வாயும் திறந்தது. அவர் 'பார்' என்பதற்குள் நான் 'பா'வில் இருந்தேன். அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். அவர் நிறுத்தினார், நானும் நிறுத்தினேன். "நோ, நோ" என்றார். "நோ, நோ" என்றேன்.

அவர் தன் வாய்க்கு முன்னால் ஒரு விரலை வைத்தார். தான் முடித்த பிறகு நான் தொடங்க வேண்டும் என்று அர்த்தம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சுவரை எஸ்தர் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். சுவர் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் குரல் வந்தது. எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

குளிர்சாதனப் பெட்டிக்கு 'ஷோலெஸ்காப்' என்று ஒரு சொல் கொடுத்தார். 'ஷோ-லெஸ்-காப்' என்று உடைத்து, 'ஷோ'வில் தட்டினேன். அவர் பேனா ஏதோ குறித்தது. வீட்டு வேலையை 'ஹூ-ஸார்-பைட்' என்று போட்டு உடைத்தேன். ரயில்வே ஸ்டேஷனை 'யார்ன்-பா-நெஸ்-த-ஷூன்' ஆக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒட்டின இடத்தை என் நாக்கு தாண்டிக் குதித்து, அடுத்த வீட்டுக்காரனை இழுத்துக்கொண்டு வந்தது. தப்பு என்பது எனக்கே கேட்டது. சரி எது என்பதுதான் கேட்கவில்லை.

முடித்ததும் அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எஸ்தருடைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் ராமநாதனைக் கூப்பிட்டார். கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். பரீட்சை முடிந்தது என்று, அந்தப் பட்டை கொக்கியில் மாட்டிய சத்தமே சொல்லிவிட்டது.

சிவப்பு ஸ்கெட்ச் பேனா

ராமநாதன் வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஒண்ணும் புரியல. எஸ்தர், நீ உடைச்சதெல்லாம் சரி, தட்டினதெல்லாம் தப்பு. சம்பத், நீங்க தட்டினதெல்லாம் சரி, உடைச்சதெல்லாம் தப்பு. சேர்ந்து உக்காந்தா மட்டும் ரெண்டுமே எப்படி சரியா வருதுன்னு கேக்கறாங்க. இப்ப அவங்க முன்னாலேயே சேர்ந்து உக்காரணும்."

எஸ்தர் தட்டினது தப்பா? நான் யாரை நம்பி இத்தனை நாள் வண்டி ஓட்டினேனோ, அந்த வண்டிக்கே பாதிச் சக்கரம்தான்.

எங்கள் பழைய இடத்தில் உட்கார்ந்தோம். நடுவில் அதே அட்டைத் தடுப்பு. சொல் வந்தது. எஸ்தர் முணுமுணுத்தாள், நான் முணுமுணுத்தேன். என்னுடையது முழுக்கச் சரி என்றார் ஸிக்ரி அம்மாள். எஸ்தருடையது பாதி தப்பு. இன்னொரு சொல். அதே கதை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"மேடம், ஒன் மினிட்." எஸ்தர் எழுந்து நின்றாள். "அண்ணே, எங்க உங்க கோடு?"

"எந்தக் கோடு?"

"நெத்தியில போடுவீங்களே, செவப்பா! அது எங்கண்ணே போச்சு?"

"வேர்த்தது. துடைச்சுட்டேன்."

"துடைச்சிட்டீங்களா? ஏங்கண்ணே, குடியைக் கெடுத்தீங்களே!"

அவள் ராமநாதன் மேஜையிலிருந்து சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்துவந்து நீட்டினாள். "போடுங்க. நேரா போடுங்க." நான் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் ஒரு கோடு இழுத்தேன். அவசரத்தில் அது பாலாறு மாதிரி வளைந்து போயிற்று. "பரவால்ல, தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த சொல் இரண்டு பேருக்கும் சரி. அதற்கடுத்ததும் சரி. ஸ்டேஷனும் சரி, குளிர்சாதனப் பெட்டியும் சரி. ஸிக்ரி அம்மாள் மெல்ல எழுந்து எஸ்தரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அங்கேயிருந்து பார்த்தால் தடுப்புக்கு மேலே தெரிவது என் நெற்றி மட்டும்தான். அழுத்தம் விழுகிற இடத்தில் எல்லாம், கோஷ்டியில் பழகிய என் தலை ஒரு ஆட்டு ஆட்டும். பெரிய அழுத்தத்துக்குப் பெரிய ஆட்டு, சின்னதுக்குச் சின்னது. எனக்கு அது தெரியவே தெரியாது. எஸ்தருக்கு முதல் வாரத்திலிருந்து தெரியும். சிவப்புக் கோடு கீழே இறங்கினால் அங்கே குறி போடுவாள். இத்தனை நாளும் அவள் என் நெற்றியைப் படித்திருக்கிறாள்.

ராமநாதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ரெண்டு பேருமே காப்பியா?"

"காப்பி இல்ல சார்!" எஸ்தர் விடவில்லை. "எனக்கு தெரிஞ்சது அவருக்கு தெரியாது. அவருக்கு தெரிஞ்சது எனக்கு தெரியாது. அவருக்கு அது தெரியும்னே அவருக்கு தெரியாது. இதுல யார் சார் யாரைப் பார்த்து எழுதினது? மேடத்துக்கு அப்படியே சொல்லுங்க."

இவ்வளவையும் ராமநாதன் ஆங்கிலத்தில் மிகச் சுருக்கமாக முடித்துவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை. ஸிக்ரி அம்மாள் சிரிக்கவில்லை. என் நெற்றியை இன்னொரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டார். ஊருக்குப் போய்ப் பதில் எழுதுவதாகச் சொல்லிவிட்டு, வாசல் நிலையில் ஞாபகமாகக் குனிந்து இறங்கிப் போனார்.

அப்படியானால் தொடங்கியது யார்?

ஸ்கெட்ச் பேனா சோப்புக்குப் போகவில்லை. அந்த வளைந்த கோட்டோடுதான் அன்று சாயங்காலம் கோஷ்டியில் போய் நின்றேன். நரசிம்மன் மாமா உற்றுப் பார்த்தார். "என்னடா சம்பத்து, புது சம்பிரதாயமா?"

மனசு கிடந்து அடித்துக்கொண்டதில், பிரசாதம் வாங்கும்போது கேட்டேவிட்டேன். "மாமா, நான் எப்பவும் உங்க குரலைப் பிடிச்சுண்டுதான் வரேன். நீங்க யாரைப் பிடிச்சுண்டு வரேள்?"

மாமா சுற்றும்முற்றும் பார்த்தார். புளியோதரையை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எதிர் வரிசையில ரங்காச்சாரி இருக்கானே, நம்ம முறையிலயும் அவன் உதடு அசைஞ்சுண்டே இருக்கும், அதைப் பார்ப்பேன். வெளில சொல்லிடாதே."

"அவர் யாரைப் பார்க்கறார்?"

"அவனா? அவன் உன் மண்டை ஆடறதைப் பார்த்துண்டிருக்கான். இத்தனை வருஷமா தெரியாதா நோக்கு?"

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமாளுக்கு முன்னால் இத்தனை பேர் நிற்கிறோம், முதல் எழுத்தை யார்தான் சொல்கிறார்கள் என்று பயம்தான் வந்தது.

பதில் வருவதற்குள் ஆடி முடிந்துவிட்டது. வைதேகி பையில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கா திண்டிவனத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் ராமநாதன் எங்களைக் கூப்பிட்டார். வேலை உண்டு, ஆனால் தனித்தனி ஆளாக இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். இரண்டு பேரும் இருந்தால்தான் வருகை. ஒருவர் லீவு போட்டால் இன்னொருவருக்கும் லீவு. தடுப்பை எடுத்துவிடலாம். நெற்றிக் கோடு கட்டாயம். இந்தக் கடைசி நிபந்தனையை ஸிக்ரி அம்மாளே கைப்பட எழுதியிருந்தார்.

எஸ்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு, "அண்ணே, சும்மா சும்மா லீவு போட்டீங்கன்னு வையி, வீட்டாண்ட வந்து இழுத்துக்கினு போயிடுவேன்" என்றாள்.

சரியாக அந்த வாரமே வைதேகிக்கு வலி எடுத்தது. நான் லீவு. ஆகவே எஸ்தரும் லீவு. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். மாமனார் திண்டிவனத்திலிருந்து காபிப்பொடி வாசனையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பினாயில் நாற்றம் அடிக்கும் அந்த நடையில் நான் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வைதேகியின் குரல் ஒரு தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. கேட்காததுதான் தாங்க முடியவில்லை.

"ஸீகெஹூஸ்" என்றாள் எஸ்தர் திடீரென்று. நோயாளி வீடு. ஆஸ்பத்திரிக்கு நார்வேச் சொல். "எங்கண்ணே அழுத்தம்?"

"இப்பவாம்மா?"

"சொல்லுங்க. சும்மா நடந்துக்கினே இருந்தா தரை தேஞ்சிடும்."

நான் சொல்லிப் பார்த்தேன். தலை ஆடியது. "அது. முதல்ல" என்று அவளே சொல்லிக்கொண்டாள். மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு உத்தியோகம் இருக்கிறது என்பதை அவர் நம்புவதா வேண்டாமா என்று யோசித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் அழுகை கிளம்பியது. ஒரே ஒரு அசை. ஒட்டு இல்லை, உடைக்க இடமில்லை. முழு அழுத்தமும் அதிலேயே இருந்தது. பக்கத்தில் யார் குரலும் கேட்கவில்லை.

"அம்மாவாட்டம்தான் போல" என்றாள் எஸ்தர். "யாரையும் கேக்காம அதுவே ஆரம்பிக்குது, பாருங்க."

அரை அசை கழித்து, நானும் அழ ஆரம்பித்தேன்.